சர்வதேச விண்வெளி நிலையத்தின் அமெச்சூர் ரேடியோ ரிப்பீட்டர் (நம் குரலை வாங்கி வேறு அலைவரிசையில் திருப்பி அனுப்பும் கருவி) காதில் விழுகிறது, நம் குரல் மட்டும் ஏறவில்லை. ஏன்?

முதலில் டோனைப் பாருங்கள். 145.990 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும்போது 67 ஹெர்ட்ஸ் சி.டி.சி.எஸ்.எஸ். டோன் (குரலோடு சேர்ந்து போகும் தாழ்ந்த ஒலிக்குறி) இல்லையென்றால் ரிப்பீட்டர் திறக்காது. பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான்.

கேட்கும் அலைவரிசை 437.800 மெகாஹெர்ட்ஸ். டாப்ளர் விளைவால் (நிலையத்தின் வேகத்தால் அலைவரிசை நகர்வது) நிலையம் எழும்போது 437.810-இல் தொடங்கி, தலைக்கு மேல் வரும்போது 437.800, மறையும்போது 437.790 என 5 கிலோஹெர்ட்ஸ் படிகளாக இறக்குங்கள். அனுப்பும் பக்கம் நகர்வு சுமார் 3.5 கிலோஹெர்ட்ஸ்தான், எஃப்.எம்.மில் விட்டுவிடலாம்.

குரல் மங்கினால் கையிலுள்ள யாகி ஆன்டெனாவை மணிக்கட்டோடு திருகிப் பாருங்கள். துருவத்திசை (அலை அதிரும் தளம்) பொருந்தியதும் இரைச்சல் சட்டென்று அடங்கும்.

பேசும்போது மட்டும் ரிசீவர் செவிடானால், 145.990-இன் மூன்றாம் ஹார்மோனிக் (மூன்று மடங்கு அலைவரிசை) கேட்கும் அலைவரிசைக்கு அருகே 437.970-இல் விழுவதே காரணம். டூப்ளெக்சர் (அனுப்பும், கேட்கும் அலைவரிசைகளைப் பிரிக்கும் வடிகட்டி) போடுங்கள், பவரைக் குறையுங்கள். உரிமம் இல்லாதவர்கள் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளவும்.