மான்ஸ்டர் படங்களைப் பார்த்தாலே போதாதா, மூல நாவலையும் படிக்கத்தான் வேண்டுமா?

கேள்வி கேட்டவருக்குப் பக்கத்தில் ஒரு நண்பர் இருக்கிறார் என்று நினைக்கிறேன். படம் முடிந்து லைட் போட்டதுமே "நாவல்ல இப்படி இல்லடா" என்று ஆரம்பிக்கும் ரகம். அவர் தொல்லை தாங்காமல்தான் இங்கே வந்திருக்கிறீர்கள்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் படமே போதும். ஜாஸ் நாவலைத் தேடிப் போக வேண்டாம். 1974-இல் பீட்டர் பெஞ்ச்லி எழுதியதில் சுறாவை நடுக்கடலில் விட்டுவிட்டு, போலீஸ் அதிகாரியின் மனைவிக்கும் மீன் ஆராய்ச்சி செய்ய வந்தவனுக்கும் நடுவில் ஒரு கள்ள உறவு ஓடும். அடுத்த வருடம் ஸ்பீல்பெர்க் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் படம் எடுத்தது புண்ணியம். டிராகுலாவிலும் பெரிய நஷ்டமில்லை. நாவலில் அவர் பட்டப்பகலில் லண்டன் தெருவில் நடமாடுவார், வெயில் பட்டுச் சாவதெல்லாம் 1922-இல் வந்த ஊமைப்படம் கொண்டுவந்தது. இதை மட்டும் தெரிந்துகொண்டால் நண்பரைச் சமாளித்துவிடலாம்.

ஃபிராங்கன்ஸ்டைனுக்கு மட்டும் இந்தப் பதில் செல்லாது. இலக்கியத் தரம், அது இது என்று வகுப்பெடுக்கப் போவதில்லை. இது என் சொந்தக் கதை.

நான் ஆறடி இரண்டு அங்குலம். திக்குவாய். 'ப'வில் தொடங்கும் சொல் என்றால் உதடு ஒட்டிக்கொள்ளும். என் பெயரே 'ப'வில்தான் தொடங்குகிறது. 2005-இல் இன்ஜினியரிங் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போன முதல் மாதம், சீனியர் ஒருவன் எங்கிருந்தோ 1931-இல் வந்த ஃபிராங்கன்ஸ்டைன் சிடியைக் கொண்டுவந்து ஓட்டினான். ஜேம்ஸ் வேல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பிணங்களை ஒட்டுப்போட்டு உயிர் கொடுக்கப்பட்டவனாக நடித்த போரிஸ் கார்லாஃப் முதலில் முதுகைக் காட்டிக்கொண்டு வாசலுக்குள் வருவார், மெதுவாகத் திரும்புவார். தட்டையான தலை, கழுத்தின் இரண்டு பக்கமும் போல்ட். படம் முழுக்க ஒரு வார்த்தை பேச மாட்டார். உறுமலும் முனகலும்தான். படம் முடிவதற்குள் பின்வரிசையில் என் பெயர் அடிபட்டது. அப்புறம் நாலு வருடம் நான் 'பிராங்கி'. மெஸ்ஸில் தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினால் நாலு பேர் கையை முன்னால் நீட்டிக்கொண்டு "ம்ம்ம்" என்பார்கள்.

அந்தப் பெயரே தப்பு என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. ஃபிராங்கன்ஸ்டைன் என்பது உருவாக்கியவனின் பெயர். உருவாக்கப்பட்டவனுக்குப் பெயரே கிடையாது. படத்தின் தொடக்கத்தில் அந்த வேடத்துக்கு நேராக நடிகர் பெயருக்குப் பதில் ஒரு கேள்விக்குறிதான் வரும். (நாவலாசிரியை பெயரை 'மிஸஸ் பெர்சி பி. ஷெல்லி' என்று புருஷன் பெயரில் போட்டார்கள். அது தனி வயிற்றெரிச்சல்.)

இரண்டாம் வருடம் பழைய புத்தகக் கடையில் நாவல் கிடைத்தது. இருபது ரூபாய். அட்டையில் அதே கார்லாஃப் முகம். என்னை இந்தப் பாடு படுத்துகிறவன் யார் என்று பார்க்கத்தான் வாங்கினேன். மேரி ஷெல்லி பதினெட்டு வயதில், 1816-இல், ஜெனீவா ஏரிக்கரையில் எழுத ஆரம்பித்து 1818-இல் பெயர் போடாமல் வெளியிட்ட புத்தகம் அது. முதல் ஒன்பது அத்தியாயத்தை முக்கி முனகித்தான் படித்தேன். பத்தில் அவன் வாயைத் திறந்தான். பனிமலைக் குடிசையில், தன்னை உருவாக்கிய விக்டர் ஃபிராங்கன்ஸ்டைனை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, பதினொன்றிலிருந்து பதினாறாம் அத்தியாயம் வரை அவனேதான் பேசுகிறான். அந்த நாவலிலேயே நன்றாகப் பேசத் தெரிந்தவன் அவன்தான்.

பேச்சு அவனுக்குச் சும்மா வந்துவிடவில்லை. டிலேசி என்று ஒரு குருட்டுப் பெரியவர் குடும்பம். அவர்கள் வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஒளிந்துகொண்டு, சுவர் விரிசல் வழியாகப் பல மாதம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொள்கிறான். முதலில் பிடிபட்டவை நெருப்பு, பால், ரொட்டி, விறகு. நாலே சொல். சரளமாக வரும்வரை அவர்கள் முன்னால் போய் நிற்கக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். ராத்திரியில் அவர்களுக்கு விறகு வெட்டிப் போட்டுவிட்டுத் திரும்பவும் பயிற்சி. இதைப் படித்துவிட்டு நான் ஹாஸ்டல் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று அந்த நாலையும் சொல்லிப் பார்த்தேன். நெருப்பு வந்தது. பால் வரவில்லை.

      

 படத்தில் ஏரிக்கரையில் ஒரு சிறுமி பூவைத் தண்ணீரில் போட்டு மிதக்கவிடுவாள். பூ தீர்ந்துபோகும். அவளும் மிதப்பாள் என்று நினைத்துக் கார்லாஃப் அவளைத் தூக்கிப் போட்டுவிடுவார். நாவலில் நேர் எதிர். ஆற்றில் அடித்துக்கொண்டு போகிற ஒரு பெண்ணை அவன்தான் குதித்துக் கரைசேர்க்கிறான். மூச்சு வர வைக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூட வந்தவன் அவளைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான். பின்னால் போனவனுக்குக் கிடைத்தது துப்பாக்கிக் குண்டு.

உடனே "நாவலைத் தூக்கிப் பிடித்துப் படத்தை மட்டம் தட்டுகிறான்" என்று கிளம்ப வேண்டாம். உயிர் கொடுக்கும் காட்சியில் படம்தான் ஜெயிக்கிறது. நாவலில் ஒரு நவம்பர் ராத்திரி, ஜன்னலில் மழை, தீரப்போகிற மெழுகுவத்தி, ஒரு மஞ்சள் கண் திறக்கிறது. அவ்வளவுதான், சில வரியில் முடிந்துவிடும். இடி, மின்னல், மேலே ஏறும் மேஜை எல்லாம் படத்தின் கைங்கரியம். கூரை திறந்து வெளிச்சம் விழும்போது கார்லாஃப் இரண்டு கையையும் தூக்கி அதைத் தொடப் பார்ப்பார். அதற்கு ஈடான இடம் நாவலில் இல்லை. 1994-இல் ராபர்ட் டி நீரோ நடித்த படத்தில் அவன் பேசுகிறானே என்றும் சிலர் வருவார்கள். பேசுகிறான்தான். ஆனால் ஹாஸ்டலில் யாரும் டி நீரோ மாதிரி நடந்து காட்டவில்லை.

கையை நீட்டும் அந்த நடைகூட 1931 படத்தில் கிடையாது. 1943-இல் வந்த ஒரு தொடர்ச்சியில் அந்த வேடத்தில் பேலா லுகோசி நடித்தார். கதைப்படி அவனுக்குக் கண் தெரியாது, பேச்சும் உண்டு. படத்தொகுப்பில் அவன் வசனம் முழுவதையும் வெட்டிவிட்டார்கள், கண் தெரியாது என்ற தகவலும் கூடவே போய்விட்டது. மிச்சமிருந்தது காரணமில்லாமல் கையை நீட்டித் தடவிக்கொண்டு நடக்கிற ஒரு ஆள். மெஸ்ஸில் எனக்கு நடித்துக் காட்டியது அதைத்தான்.

எனக்குச் சங்கடமான இடம் ஒன்று பாக்கி இருக்கிறது. படம் அவனுக்கு ஒரு சாக்கு கொடுக்கிறது. உதவியாளன் நல்ல மூளை இருந்த ஜாடியைப் போட்டு உடைத்துவிட்டு, கெட்ட மூளையை எடுத்து வந்துவிடுவான். நாவலில் அப்படியெல்லாம் இல்லை. விக்டரின் தம்பியை, ஒரு சின்னப் பையனை, யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துதான் கழுத்தை நெரிக்கிறான். பையன் கழுத்தில் கிடந்த சின்னப் படத்தை, தூங்கிக்கொண்டிருந்த ஜஸ்டின் என்ற வேலைக்காரப் பெண்ணின் உடையில் வைத்துவிட்டுப் போகிறான். அவள் தூக்கில் தொங்குகிறாள். அவ்வளவு அழகாகப் பேசுகிறவன்தான் இதையும் செய்கிறான்.

மூன்றாம் வருடம் நானும் ஒரு கடிதம் எழுதினேன். 'பிராங்கி' என்று பெயர் வைத்தவனின் அப்பாவுக்கு, பெயர் போடாமல், அவன் சிகரெட்டையும் அரியர்களையும் கணக்குப் போட்டு. எழுதும்போது எனக்குத் திக்காது. அப்பா வந்து ஹாஸ்டல் கேட்டிலேயே அறைந்தார். எழுதியது அவனுடைய ரூம்மேட்தான் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள், அந்தப் பையனிடம் வருடம் முடியும்வரை யாரும் பேசவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் திக்குவாயைக் காரணம் சொல்ல முடியாது.

ஆக, ஃபிராங்கன்ஸ்டைனை மட்டும் படியுங்கள். கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 1831-இல் திருத்திய பதிப்பு. பொறுமை இல்லையென்றால் பதினொன்றிலிருந்து பதினாறு வரை போதும். படித்துவிட்டு உங்கள் நண்பரிடம், தண்ணீரில் விழுந்த பெண் நாவலில் என்ன ஆனாள் என்று கேளுங்கள். பூ, ஏரி என்று ஆரம்பித்தால் அவரும் படம்தான் பார்த்திருக்கிறார்.