பார்பெல்லுக்கு இரை உருட்டுவது: எடையைக் கூட்டுமுன் தூண்டில் நரம்பைக் கவனியுங்கள்

கேள்வி: இங்கிலாந்தில் ரெடிங் நகரில் வசிக்கிறேன். கென்னட் ஆற்றில் பார்பெல் மீனுக்குத் தூண்டில் போட்டு வருகிறேன். கனமான ஃபீடர் (தீனி நிரப்பிய எடைக்கூடு) கட்டி இரையை ஒரே இடத்தில் கிடத்தினால் சிக்னல் கிரேஃபிஷ் என்னும் நன்னீர் இறால் வகை வந்து அரித்துத் தின்றுவிடுகிறது. ஒருவர் எடையே கட்டாமல் லஞ்சன் மீட் (டின்னில் வரும் பன்றி இறைச்சி) துண்டை ஆற்றுத் தரையில் உருட்டிவிட்டு நல்ல மீனாகப் பிடித்ததைப் பார்த்தேன். நானும் முயன்றேன். எடை இல்லாவிட்டால் இரை மேலே எழும்பி ஓடுகிறது, எடை வைத்தால் கல்லில் மாட்டுகிறது. எவ்வளவு எடை வைக்க வேண்டும்? கடித்தது மீனா, தட்டியது கல்லா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பன்றி இறைச்சியைத் தொடுவதில் வீட்டில் விருப்பமில்லை, வேறு இரை உண்டா?

பதில்: எடை இல்லாதபோது இரை மேலே எழும்புகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்தே ஆரம்பிக்கலாம். மூன்று நான்கு அடி ஆழத்தில், ஓர் அங்குல லஞ்சன் மீட் துண்டு கனத்த முள்ளோடு சேர்ந்தால் தானாகவே தரைக்குப் போய்விடும். அதை மேலே தூக்குவது உங்கள் நரம்பு, அதாவது தூண்டில் இழை.

ஆறு எல்லா ஆழத்திலும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. மேலே விரைவாக ஓடும் தண்ணீர், கூழாங்கல் தரையை ஒட்டி உராய்ந்து பாதி வேகத்துக்கோ இன்னும் கீழோ இறங்கிவிடும். உங்கள் இரை இருக்க வேண்டியது அந்த மெதுவான தண்ணீரில். நரம்பில் பெரும்பகுதி கிடப்பதோ மேலே, வேகமான தண்ணீரில். ஓட்டம் நரம்பை வில்லாக வளைத்து முன்னே தள்ள, நரம்பு இரையை இழுக்கிறது. இரை தரையை விட்டு எழும்பி, ஆற்றுக்குக் குறுக்கே உங்கள் கரைப் பக்கம் சாய்ந்து வருகிறது. ஆற்றில் அடித்து வரும் எந்தத் தீனியும் அப்படிப் போகாது. இந்த இழுவையை அடக்க எடையைக் கூட்டினால் இரை அடுத்த கல் இடுக்கில் உட்கார்ந்துவிடும். நீங்கள் கண்டது இந்த இரண்டையும்தான்.

பார்பெல்லின் உடம்பைப் பார்த்தால் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பது விளங்கும். வயிறு தட்டை, மார்புத் துடுப்புகள் அகலம், வாய் முகத்துக்கு அடியில். மேலுதட்டைச் சுற்றி நான்கு மீசைகள்: மூக்கு நுனியில் இரண்டு, வாயின் இரு ஓரத்திலும் ஒவ்வொன்று. நம் கெண்டைக் குடும்பத்து மீன்தான், ஆனால் ஓட்டமுள்ள தண்ணீரில் தரையோடு ஒட்டிக் கிடப்பதற்கென்றே அமைந்த உடம்பு. எதிர்நீச்சலில் நின்றபடி, தரையில் உருண்டு வருவதை மீசையால் தடவிப் பார்த்து எடுக்கும். தரைக்கு ஓரடி மேலே வேகமாகப் பறக்கும் துண்டை அது துரத்திப் பிடிப்பது அபூர்வம்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 11 அல்லது 12 அடி நீளத்தில், ஒன்றரைப் பவுண்டு டெஸ்ட் கர்வ் (நுனியைச் செங்கோணமாக வளைக்கத் தேவையான எடை) உள்ள ஏவன் வகை ராட், அதாவது தூண்டில் கோல், போதும். ரீல் எதுவானாலும் சரி. சென்டர்பின் (அச்சில் தடையின்றிச் சுழலும் ரீல்) இந்த வேலைக்கு அருமையானது, ஆனால் கையில் இருக்கும் சாதாரண ரீலிலேயே பழகலாம். நரம்பு 10 முதல் 12 பவுண்டு மோனோ (ஒற்றை நைலான் இழை). ஃப்ளூரோகார்பனை முதன்மை நரம்பாகப் போடாதீர்கள், அது மூழ்கும். நமக்கு நரம்பு மேலே கிடந்தால்தான் அதை எடுத்து மாற்றிப் போட முடியும். 4 அல்லது 6 எண் அகலவாய் முள்ளை நேராக நரம்பின் நுனியில் கட்டுங்கள். இடையில் வேறு எதுவும் வேண்டாம்.

இனி எடை. முதல் வீச்சு எப்போதும் எடையில்லாமல் இருக்கட்டும். தேவைப்பட்டால் டங்ஸ்டன் புட்டியை (களிமண்போல் பிசையக்கூடிய கனமான பசை) பட்டாணி அளவு கிள்ளி முள்ளின் தண்டிலேயே பிசைந்து ஒட்டி, அதன் மேல் இரையை இழுத்து மூடிவிடுங்கள். அப்படிச் செய்தால் எடையும் இரையும் ஒரே பொருளாகச் சேர்ந்து உருளும். நரம்பில் தனியாக எடை கட்டினால் கல்லில் மாட்டுவதற்கு இரண்டு பொருள் ஆகிவிடும். ஊர்ப் பழக்கத்தில் ஈயக்குண்டை எடுத்துப் பல்லால் கடித்து நரம்பில் பொருத்திவிடாதீர்கள். அன்னங்கள் ஈயம் விழுங்கிச் செத்ததால் 1987 முதல் இங்கிலாந்தில் தூண்டிலில் 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையான ஈய எடைகளுக்குத் தடை இருக்கிறது.

அளவு சரியா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. இரை விழுந்த இடத்துக்கு நேரே மேற்பரப்பில் போகும் ஓர் இலையையோ நுரையையோ குறித்துக்கொள்ளுங்கள். நரம்பு தண்ணீரில் இறங்கும் இடம் அந்த இலைக்குப் பின்தங்கிக்கொண்டே வர வேண்டும். இலையோடு சேர்ந்து ஓடினால் இரை தரையில் இல்லை. ஒவ்வொரு முழத்துக்கும் நின்று நின்று போனால் கனம் அதிகம், புட்டியில் ஒரு கிள்ளு எடுத்துவிடுங்கள். ஆற்றின் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இந்த அளவு மாறும். அதனால்தான் இத்தனை கிராம் என்று ஒரு எண்ணை நான் தரவில்லை.

ஓர் உருட்டல் முழுவதையும் சொல்கிறேன், அதே வரிசையில் செய்து பாருங்கள். ஆற்றைப் பார்த்து நின்று, நேர் எதிருக்குச் சற்று மேலோட்டப் பக்கமாக (தண்ணீர் வரும் திசையில்) மெதுவாக வீசுங்கள். தூரம் வேண்டாம். பத்துப் பன்னிரண்டு கெஜத்துக்குள் பழகுங்கள், தூரம் கூடக் கூட நரம்பு உங்கள் சொல் கேட்காது. இரை விழுந்ததும் ராட் நுனியை உயர்த்தி, முடிந்த அளவு நரம்பைத் தண்ணீரிலிருந்து தூக்குங்கள். இரை தரை தொடும்வரை நரம்பைத் தளர்வாக விடுங்கள். இறங்கும்போதே இறுக்கிப் பிடித்தால் அது ஊசலாடிக்கொண்டு உங்கள் பக்கம் வந்துவிடும். தரை தொட்டதும் ‘டொக்’ என்று மெல்லிய தட்டல் விரலில் தெரியும். அப்போது தொய்வை மட்டும் எடுத்துவிட்டு, ராட் நுனியால் இரையைத் தொடர்ந்து போங்கள். நுனி இரைக்குச் சற்று மேலோட்டத்தில் இருக்கட்டும், இரையை முந்தக் கூடாது.

நரம்பு நடுவில் கீழோட்டப் பக்கம் (தண்ணீர் போகும் திசையில்) வளையத் தொடங்கும். அந்தக் கணமே ராட் நுனியால் அரைவட்டமாக ஒரு சுழற்று சுழற்றி, வளைந்த நரம்பைத் தூக்கி மேலோட்டப் பக்கம் போடுங்கள். இரை அசையக் கூடாது, நரம்பு மட்டும் இடம் மாற வேண்டும். ஒரு உருட்டலில் இரண்டு மூன்று முறையாவது இதைச் செய்ய வேண்டியிருக்கும். இந்தக் கைப்பழக்கம் வந்துவிட்டால் எடைப் பிரச்சினை பெரும்பாலும் காணாமல் போய்விடும். இரை உங்களைத் தாண்டியதும் ரீலைத் திறந்து, விரலால் தடவித் தடவி நரம்பை விடுங்கள். கடைசியில் நரம்பு நேராக இறுகி இரை எழும்பத் தொடங்கும். சில நேரம் அந்த எழும்பலிலேயே மீன் கடிக்கும், அதனால் இரண்டு நொடி பொறுத்துவிட்டுச் சுற்றி எடுங்கள். அடுத்த வீச்சு ஓரடி தள்ளி. இப்படி அருகிலிருந்து தொலைவுக்கு அந்த ஓட்டம் முழுவதையும் சீவிக்கொண்டே போகலாம். கிரேஃபிஷுக்கும் உட்கார்ந்து தின்ன நேரம் கிடைக்காது.

கடியை உணர்வதற்கு நரம்பு ஆள்காட்டி விரலின் மேல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கூழாங்கல் தரை ‘டக், டக்’ என்று காய்ந்த, ஒழுங்கற்ற தட்டல் தரும். மணலில் சத்தமே இருக்காது, வழுக்கிக்கொண்டு போகும். பாசியில் மாட்டினால் பஞ்சை இழுப்பதுபோல் கனம் மெல்ல ஏறும். பார்பெல் எடுத்தால் இந்த மூன்றில் எதுவும் இல்லை. சில நேரம் ராட்டையே பிடுங்குவது போன்ற இழுப்பு, அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. பெரும்பாலும் வருவது அதைவிட மென்மையானது: நரம்பு ஓட்டத்தை மீறிப் பக்கவாட்டில் நகரும், அல்லது உருண்டு வந்த இரை நின்று, நின்ற இடத்தில் ஒரு நடுக்கம் இருக்கும். கல்லில் நடுக்கம் இராது. இரை நின்று சந்தேகமாக இருந்தால் வெட்டி இழுக்காதீர்கள். நுனியை ஒரு சாண் மெல்ல உயர்த்துங்கள். கல்லானால் இரை விடுபட்டு உருளும். மீனானால் மறுபக்கத்திலிருந்து பதில் வரும், அப்போது ராட்டைக் கீழோட்டப் பக்கமாகத் தாழ்வாக வீசி இழுங்கள்.

எங்கே உருட்டுவது என்பதற்கு கென்னட்டில் விடை கண்ணுக்கே தெரியும். சுண்ணாம்புப் பாறை நிலத்தில் ஊறி வரும் தண்ணீர், கோடையில் பல இடங்களில் நன்றாகத் தெளிந்திருக்கும். போலராய்டு கண்ணாடி போட்டுக்கொண்டு அரை மணி நேரம் சும்மா பாருங்கள். கூந்தல்போல் நீண்டு ஆடும் பாசிக்கு நடுவே வெளிர்நிறக் கூழாங்கல் சந்துகள் ஓடும். இரை உருள வேண்டிய பாதை அது. மீன் கிடப்பது பாசியின் வால்நுனிக்கு அடியில், அதனால் சந்தின் ஓரத்தை உரசினாற்போல் இரை போக வேண்டும். பாசி அடர்ந்து சந்தே இல்லாத இடத்தில் இந்த முறை உதவாது, அங்கே நேரத்தை வீணாக்காதீர்கள். தண்ணீருக்குள் இறங்கினால் வேடர் (நீர் புகாத நீண்ட காலணி) அணிவதோடு ஊன்றுகோலும் கட்டாயம். அந்தி சாய்ந்தபின் பழகாத இடத்தில் இறங்கவே வேண்டாம்.

கென்னட் பார்பெல்லுக்குப் பேர்போன ஆறு. 1956-ல் செவர்ன் ஆற்றில் பார்பெல் விட்டபோது இங்கிருந்துதான் மீன் கொண்டு போனார்கள். இன்று அந்தச் செழிப்பு இல்லை. அதனாலேயே பிடிப்பதைப் போல விடுவதிலும் அக்கறை வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை இங்கிலாந்து ஆறுகளில் இந்த மீன்களுக்குத் தூண்டில் போடக் கூடாது. ஜூன் 16-க்குப் பிறகும் கூழாங்கல் மேட்டில் அவை கூட்டமாகப் புரண்டுகொண்டிருந்தால் முட்டையிடுகின்றன என்று அர்த்தம், அங்கே வீசவும் இறங்கவும் வேண்டாம். 13 வயது ஆன எவருக்கும் ராட் லைசன்ஸ் தேவை. அதற்கு மேல், அந்தக் கரையை வைத்திருக்கும் கிளப்பின் அனுமதியும் வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டு போகும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். 20 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பார்பெல்லை ஆற்றில் திருப்பி விட வேண்டும் என்பது சட்டம், சினையோ நச்சு. முதுகுத் துடுப்பின் முன்முள் ரம்பப் பல் உள்ளது, கீப்நெட்டில் (பிடித்த மீனைத் தண்ணீரில் வைத்திருக்கும் வலைக்கூடு) சிக்கித் துடுப்பே கிழியும். பார்பெல் கடைசி மூச்சுவரை போராடும் மீன். வெதுவெதுப்பான கோடைத் தண்ணீரில் பிராணவாயு குறைவு, நீந்திப் போவதுபோல் போய்க் கீழே கவிழ்ந்து சாகவும் கூடும். முள்ளை எடுத்ததும் தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்து, இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ, அதுவாக உதறிக்கொண்டு போகும்வரை விடாதீர்கள். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டிய நாட்களில் நான் பார்பெல்லுக்குப் போவதில்லை, நீங்களும் அப்படியே செய்தால் நல்லது.

கடைசியாக இரை. லஞ்சன் மீட்டைக் கத்தியால் வெட்டுவதைவிடக் கையால் பிய்த்துப் போடுவது மேல், ஓரம் சொரசொரப்பாக இருந்தால் தரையில் இயல்பாக உருளும். முள்ளைத் துண்டுக்குள் ஊடுருவ விட்டுத் திருப்பி இழுக்கும்போது, வளைவில் ஒரு சிறு புல் தண்டை வைத்து இறுக்குங்கள், வீச்சில் கழன்று விழாது. ஆங்கிலேயத் தூண்டில்காரர்கள் இதில் கறித்தூளும் மஞ்சளும் பூண்டும் பிரட்டுவது பழைய வழக்கம், பலனும் உண்டு. வறுத்தால் கெட்டியாகும், ஆனால் அதிகம் வறுத்த துண்டு மிதக்கும். ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பன்றி இறைச்சி வேண்டாம் என்றால் சீஸ் மாவு உங்களுக்குப் பொருந்தும். துருவிய செடார் சீஸை ரொட்டியின் வெள்ளைப் பகுதியோடு சேர்த்து, கொஞ்சம் மஞ்சளும் பூண்டுத்தூளும் போட்டுச் சப்பாத்தி மாவு பதத்தில் பிசைந்துகொள்ளுங்கள். குளிர்ந்த தண்ணீரில் அது இறுகிவிடும், அதனால் கோடையில் கெட்டியாகவும் குளிர் நாட்களில் இளக்கமாகவும் இருக்கட்டும். பெரிய மண்புழு இரண்டைக் கோர்த்தாலும் பார்பெல் எடுக்கும், சின்ன மீன்களின் தொல்லைதான் கூடும். கிரேஃபிஷையே இரையாக்கலாமே என்று தோன்றலாம். அது உயிரோடிருந்தாலும் செத்திருந்தாலும் இங்கே இரையாகப் பயன்படுத்தச் சட்டம் இடம் தருவதில்லை.