தலையாயதும் முக்கியமானதும்

கேள்வி: வணக்கம் சார். நான் ஒரு கம்பெனில தமிழ்ல ரிப்போர்ட் எழுதுற வேலைல இருக்கேன். ‘தலையாய பிரச்சனை’ன்னு எழுதினத மேனேஜர் ‘முக்கியமான பிரச்சனை’ன்னு மாத்திட்டார், ரெண்டும் ஒண்ணுதானேங்கிறார். ஒண்ணுதானா? தலைதீபாவளில வர்ற தலையும் இதேதானா?

பதில்: அன்புள்ள தம்பி,

ரெண்டும் வேற வேற. முக்கியம்ங்கிறது வடமொழில முகத்துலேர்ந்து பொறந்த சொல்லு, பேச்சுல அத ஒரே நேரத்துல பத்து விஷயத்துக்குச் சொல்லிக்கலாம், பரீட்சையும் முக்கியம் தூக்கமும் முக்கியம். தலைன்னு சொல்லிட்டா பின்னாடி ஒரு வரிசை நிக்குது: தலை, இடை, கடை. நாலடியார் நட்ப அளக்குறதே இந்த வரிசைய வச்சுத்தான். கடையாயார் நட்பு கமுகு, தினம் தண்ணி ஊத்தணும், இடையாயார் தென்னை, அப்பப்ப ஊத்தினா போதும், தலையாயார் பனை, விதை போட்டதோட சரி, அதுக்கப்புறம் அதுவா வளந்து நிக்கும். எவ்வளவு அழகா பிரிச்சிருக்காங்க பாருங்க!

தலைதீபாவளி, ஆமா, அதே தலைதான். கல்யாணமாகி வர்ற முதல் தீபாவளி. தலைச்சன் புள்ளையும் அப்படித்தான். டெல்டாவுல தண்ணி முதல்ல ஏறுற பக்கம் தலைமடை, கடைசியா போய்ச் சேர்ற பக்கம் கடைமடை, மேட்டூர வழக்கப்படி ஜூன் 12ல திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணி வந்துச்சாங்கிறதுதான் அங்க எல்லார் வாயிலயும் இருக்கிற கேள்வி.

எனக்கு உசுரு இதுல குறள்தான். ‘செல்வத்துள் எல்லாந் தலை’ன்னு வள்ளுவர் கேள்விச் செல்வத்த, அதாவது காதால கேட்டுத் தெரிஞ்சுக்கிற அறிவ, சொல்றார் (411), ‘நூலோர் தொகுத்தவற்றுள் எல்லாந் தலை’ன்னு இருக்கிறத பகுத்து சாப்பிட்டு பல உயிரையும் காப்பாத்துறத சொல்றார் (322). ரெண்டு எடத்துலயும் மொத்தக் கூட்டத்தையும் காட்டிட்டு அதுலேர்ந்து ஒண்ண முன்னாடி கொண்டாந்து நிறுத்துறார், அப்படி நிறுத்துறது எந்த ராஜாவையும் கிடையாது, ஒரு நல்ல செயல. இன்னிக்கு தலைன்னா தலைவர் மட்டும்தான் ஞாபகத்துக்கு வர்றாருங்கிறது எனக்கு நெசமாவே வருத்தம்.

உங்க ரிப்போர்ட்டுக்கு வர்றேன். நாலஞ்சு பிரச்சனைய அடுக்கி அதுல ஒண்ணா இதையும் எழுதியிருந்தீங்கன்னா மேனேஜர் போட்டதுதான் சரி. மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான்னு உங்களுக்கு உறுதியா தெரிஞ்சா ‘தலையாய’வ திரும்பப் போடுங்க, ஏன்னு அவர்கிட்டயும் சொல்லிட்டே போடுங்க.