தெருவில் கிடப்பதைப் பொறுக்கிச் சேர்க்கும் பழக்கம் உங்களுக்கு உண்டா? அப்படி என்னதான் வைத்திருக்கிறீர்கள்?

கேள்வியை வாசித்ததும் அலுமாரிக்கு மேலே நிமிர்ந்து பார்த்தேன். மூன்று பால்மா டின், ஒரு சப்பாத்துப் பெட்டி. மறைக்க வழியில்லை, உண்டு.

இருப்பது திருகோணமலையில். சீனி வருத்தம் வந்த பிறகு, தினமும் நாற்பது நிமிடம் நட என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் டச்பே கடற்கரையால் நடப்பேன், வரும்போது சந்தைப் பக்கமாக வருவேன். நடக்கும்போது நிலத்தைப் பார்த்து நடக்கிற ஆள் நான். மற்றவர்கள் கடலைப் பார்க்கிறார்கள், கோணேசர் மலையைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள். எனக்குக் கண் கீழேதான் போகும்.

முதலில் சப்பாத்துப் பெட்டியைச் சொல்கிறேன், அதுதான் என் பெருமை. அதில் இருப்பது முழுக்கச் சாமான் துண்டுகள். கடைக்குப் போகிற பிள்ளையின் கையில் எழுதிக் கொடுத்து விடுவோமே, அந்தத் துண்டுதான். சாமான் கைக்கு வந்ததும் துண்டு கடை வாசலிலேயே கசங்கி விழும். மழைக்கு முன்னால் நான் போனால் என் பெட்டிக்கு வரும், பிந்தினால் வாய்க்காலுக்குப் போகும். இன்று காலை எண்ணிப் பார்த்தேன், 212.

ஒன்றை எடுத்து மேசையில் விரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கணக்குக் கொப்பியில் கிழித்த கால்தாள். மேலே பாதிக் கணக்கு, அதுவும் பிழை. கீழே பென்சிலால்: பருப்பு 500, சீனி 1 கிலோ, உள்ளி 100, செத்தல் மிளகாய் 100, மாசி கொஞ்சம், நுளம்புத்திரி 1, சவர்க்காரம் 2. அதற்குக் கீழே வேறொரு கை, பேனாவால், எழுத்து கொஞ்சம் சாய்ந்து: "மிச்சக் காசுக்கு டொபி." எழுதிக் கொடுத்தவருக்குத் தெரியாமல் கொண்டுபோனவர் சேர்த்த வரி. கடைக்காரர் ஏமாந்தாரா தெரிந்தே கொடுத்தாரா என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

மாசிக் கருவாட்டுக்கு "மாசி கொஞ்சம்" என்று மட்டும் எழுதுவதற்கு எவ்வளவு பழக்கம் வேண்டும் பாருங்கள். அந்த வீட்டின் கொஞ்சம் எத்தனை கிராம் என்று கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. சுப்பர் மார்க்கெட்டில் போய் அப்படி ஒரு சொல்லை நீட்ட முடியுமா?

இன்னொரு துண்டு தமிழில் தொடங்கிச் சிங்களத்தில் முடிகிறது. இரண்டு கையெழுத்து, ஒரே குடும்பச் சாமான். சில துண்டுகளில் படம்தான் இருக்கும். எழுதத் தெரியாதவர் ஒருவர் மூன்று முட்டையை மூன்று வட்டமாகவும், பக்கத்தில் நெருப்புப்பெட்டியை ஒரு சதுரமாகவும் கீறியிருக்கிறார். அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டலாம் என்றேன். மகன் கண்ணாலேயே வேண்டாம் என்றான்.

பொருளாதார நெருக்கடி வந்த 2022 ஆம் ஆண்டுத் துண்டுகளைத் தனி என்வலப்பில் போட்டிருக்கிறேன். காஸ் இல்லை, பால்மா இல்லை, மண்ணெண்ணெய்க்கு விடியப்புறம் இருந்து வரிசை, மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் துண்டுகளில் வேறு விதமாகத் தெரிகிறது. முதலில் அளவு சுருங்கியது. ஒரு கிலோ என்று எழுதிய இடத்தில் 250 வந்தது. அப்புறம் ஒரு சொல் புதிதாக முளைத்தது: "இருந்தால்". பால்மா இருந்தால். சவர்க்காரம் இருந்தால் 1. ஒரு துண்டில் ஏழு சாமான், ஐந்துக்குப் பக்கத்தில் "இருந்தால்" என்று எழுதிக் களைத்து, கடைசி இரண்டுக்கு மேற்கோள் குறி மாதிரி இரண்டு கோடு மட்டும் போட்டிருக்கிறார்கள். அந்த வருடத்துக்கு முந்திய துண்டுகளில் அந்தச் சொல்லைத் தேடினேன். ஒன்றிலும் கிடையாது.

பெயரோ போன் இலக்கமோ உள்ள துண்டை வைத்திருப்பதில்லை, கிழித்துவிடுவேன். அடையாள அட்டை, வங்கி அட்டை, கிளினிக் கொப்பி இவையெல்லாம் என் சேகரிப்பில் சேராது, ஆளைத் தேடிக் கொடுக்க வேண்டிய சாமான். குறிப்பாக அடையாள அட்டை. இந்த ஊரில் யுத்த காலத்தில் அது இல்லாமல் ஒழுங்கை முடக்குக்குக்கூடப் போக முடியாது. அது தொலைந்தால் என்ன ஆகும் என்று என் வயதுக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஏன் சேர்க்கிறேன் என்பதற்கும் பதில் அந்தக் காலத்தில்தான் இருக்கிறது.

நாங்கள் வளர்ந்தது "கிடக்கிறதைத் தொடாதே" என்ற ஒரே பாடத்தோடு. பாடசாலைக்கு ஆட்கள் வந்து படம் காட்டினார்கள். மிதிவெடி, எறிகணை, அப்புறம் சாதாரணச் சாமான் மாதிரி இருக்கும் பொறிவெடிகள். அந்தப் படத்தில் டோர்ச் இருந்தது, பொம்மை இருந்தது, ஒரு பேனாவும் இருந்தது. எழுதுகிற பேனாவே வெடிக்குமாம் என்று பின்வாங்கில் இருந்த எங்களுக்கு நம்ப முடியவில்லை, ஆனால் பயம் பிடித்துவிட்டது. பஸ்ஸில் ஏறினால் இருக்கைக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும். சந்தையில் யாராவது ஒரு பையை மறந்துவிட்டுப் போனால் அந்தத் தெருவே காலியாகிவிடும். பை முழுக்கக் கத்தரிக்காயாக இருந்த நாளும் உண்டு.

யுத்தம் 2009 மே மாதம் முடிந்தது. அதற்கு அடுத்த வருடம் ஒருநாள், உட்துறைமுக வீதியில் ஒரு நீலப் பேனா கிடந்தது. சாதாரணப் போல்பொயின்ட், மூடி கடித்திருந்தது. நான் நின்றேன். தாண்டிப் போனேன், திரும்பி வந்தேன். சைக்கிளில் போனவர் "என்ன தங்கச்சி, ஏதும் விழுந்திட்டுதோ?" என்று கேட்டார். ஓம் என்று பொய் சொன்னேன். ஒரு பத்து நிமிடம் போயிருக்கும், அப்புறம்தான் குனிந்து எடுத்தேன். கை நடுங்கியது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் வியர்த்தது.

அந்தப் பேனா முதலாவது பால்மா டின்னில் இருக்கிறது. எழுதாது.

வீட்டுக்குக் கொண்டுவந்தால் அம்மா உள்ளே விடவில்லை. "எடுத்தது எடுத்திட்டாய், ஒரு இரவு கிணத்துக்கட்டில கிடக்கட்டும்" என்றார். அம்மாவின் கணக்கு, வெடிக்கிறது என்றால் இரவுக்குள் வெடித்துவிடும். இன்றைக்கும் அந்தச் சட்டம் மாறவில்லை. எதைக் கொண்டுவந்தாலும் முதல் இரவு கிணற்றுக்கட்டில்தான். சாமான் துண்டுக்குக்கூட விலக்கில்லை. அதன்மேல் ஒரு கல்லை வைத்துவிட்டு வருவேன்.

இதில் ஒரு எச்சரிக்கையைச் சேர்த்தே சொல்லவேண்டும். நான் பொறுக்குவது ஆள் நடமாடும் தெருவிலும் கரையிலும் மட்டும். பற்றைக் காட்டுக்குள், ஆளில்லாத பழைய வளவுக்குள், மண்ணில் பாதி புதைந்து தெரிகிற இரும்பு எதையும் தொடமாட்டேன். யாரும் தொடக்கூடாது, பொலிசுக்குச் சொல்லுங்கள். பழைய இரும்பு விலைக்குப் போகும் என்று தோண்டப்போனவர்களின் கதை எங்களுக்கு வேண்டிய அளவு தெரியும்.

இரண்டாவது டின் கடலுடையது. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் கடல் குளம் மாதிரிக் கிடக்கும், ஒன்றும் தராது. வாடை தொடங்கினால்தான் கொண்டாட்டம். அந்தப் பருவத்தில் கரையோர நீரோட்டம் வங்கக் கடலிலிருந்து தெற்கே இறங்கி வரும். எங்கோ ஒரு கரையில் எறிந்தது எல்லாம் இங்கே வந்து ஒதுங்கும். வாசிக்கத் தெரியாத எழுத்தில் லேபல் ஒட்டிய மருந்துப் போத்தல், வலை மிதவை, ஈயக்கட்டி, கணுவில் வெட்டுக்கொத்து உள்ள மூங்கில். கழற்சிக்காயும் வரும். சாம்பல் நிறத்தில் கோலிக்குண்டு மாதிரி இருக்குமே, அது உப்புத் தண்ணீரில் மாதக்கணக்கில் மிதந்து வந்தாலும் முளைக்கும். சின்ன வயதில் அதைக் கல்லில் தேய்த்துச் சூடாக்கிப் பக்கத்தில் இருப்பவளின் கையில் வைத்து அலறவைப்போம். இப்போது வைப்பதற்கு ஆளில்லை.

கண்ணாடித் துண்டுகளும் உண்டு. உடைந்த போத்தல்தான். ஆனால் பல வருடம் மணலில் உருண்டு விளிம்பெல்லாம் மழுங்கி, மேலே பனி படர்ந்த மாதிரி ஆகிவிடும். பச்சையும் மண்ணிறமும் தாராளம். நீலம் என்னிடம் மூன்றே மூன்று. புதிதாக உடைந்த கண்ணாடியையும் பொறுக்குவேன், அது டின்னுக்கு அல்ல, குப்பைக்கு. சொப்பிங் பையும் அப்படித்தான். கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் டச்பே வரை வந்து மேயும், பையையும் சேர்த்து விழுங்கிவிடும். சங்கு, சிப்பி, முருகைக்கல் (பவளப்பாறைத் துண்டு) எடுப்பதில்லை. புறாத்தீவு 2003 இல் தேசிய பூங்காவானது, அங்கிருந்து ஒரு செத்த முருகைக்கல்லைக்கூட எடுத்துவரக்கூடாது. உல்லாசப் பயணிகள் எடுத்துப் பையில் போடுவதைக் கண்டால் எனக்கு வாய் சும்மா இராது.

கடல் தந்ததில் மறக்க முடியாதது ஒரு பல்செட். மேல் வரிசை முழுதாக, மணலில் சிரித்துக்கொண்டு கிடந்தது. இதைச் சேர்ப்பதா, திருப்பிக் கொடுப்பதா? கொடுப்பது என்றால் யாரிடம் கேட்பது? கரையில் கச்சான் (நிலக்கடலை) விற்கிற அக்காவிடம் டிஷ்யூவில் சுற்றிக் கொடுத்தேன். அந்தக் கரையில் எது தொலைந்தாலும் முதலில் அவரிடம்தான் வருவார்கள். இரண்டாம் நாள் காலை ஒரு ஐயா, கையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைத் தேடி வந்தார். குளிக்கும்போது அலை முகத்தில் அடித்ததாம். நன்றி சொல்லவில்லை. பல்லை வாங்கிக் கடலிலேயே கழுவி, அங்கேயே போட்டு, இரண்டு தரம் கடித்துப் பார்த்துவிட்டு, "நாசமாப் போன அலை, என்னை ரெண்டு நாள் கஞ்சி குடிக்க வைச்சிட்டுது" என்றார். அப்புறம் கச்சான் ஒரு சுருள் வாங்கி என் கையில் வைத்துவிட்டு நடந்துவிட்டார்.

பொறுக்குவதை இந்த ஊரில் யாரும் பெரிதாகக் கேலி செய்வதில்லை. காரணமும் இருக்கிறது, இந்த ஊரின் கதையே எடுத்ததும் கண்டெடுத்ததும்தான். 1622 இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லையே எடுத்துக் கோட்டை கட்டினார்கள். 1950 இல் கிணறு வெட்டப்போன இடத்தில் சோமாஸ்கந்தர் முதலிய திருமேனிகள் மண்ணுக்குள்ளிருந்து வந்தன. 1956 இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய சுழியோடி நண்பர் மைக் வில்சனும் கோயில் இருக்கும் சுவாமி மலைக்குக் கீழே கடலில் சுழியோடிக் கோயில் தூண்களைக் கண்டார்கள். கோயிலுக்குப் போகிற ஒவ்வொரு தரமும் கோட்டை வாசலைத் தாண்டும்போது, இதில் எந்தக் கல் எந்த மண்டபத்தில் இருந்திருக்கும் என்று கண் தேடும்.

நானும் ஒருமுறை அப்படிப் பழையது ஒன்றைக் கண்டேன். பெருமழைக்கு மறுநாள், அரித்துப்போன மண்ணில் பச்சை பிடித்த ஒரு செப்புக்காசு. நடுவில் பெரிய "வி", அதன் இரண்டு கையிலும் "ஓ"வும் "சி"யும் கோத்திருந்தன. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு. மச்சான் உடனே விலை பேசத் தொடங்கிவிட்டார். ஆனால் 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி மண்ணில் கிடைக்கும் தொல்பொருள் அரசுக்குரியது, கண்டவர் அறிவிக்க வேண்டும். அறிவித்தேன், கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் வெள்ளைத் தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன். என்னிடம் இருப்பது அந்தத் தாள்தான். மச்சான் இன்னும் அந்தத் தாளைக் கண்டால் பெருமூச்சு விடுவார்.

மூன்றாவது டின்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பொத்தான், திறப்பு, சட்டைக்குத்தி, வழக்கொழிந்த சில்லறை. 1963 இல் வந்த அலுமினிய 2 சதம், விளிம்பு பூவிதழ் மாதிரி வளைந்திருக்கும். 5 சதம் சதுரம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இவற்றை உண்மையான காசு என்று நம்புவதே இல்லை, கேம் ஒன்றின் காய் என்று நினைக்கிறார்கள்.

நீங்களும் தொடங்குவதாக இருந்தால் காகிதத்தில் தொடங்குங்கள். இடம் பிடிக்காது, வீட்டில் சண்டை வராது, எடுத்த திகதியை பின்புறம் பென்சிலால் எழுதி வைக்கலாம். முதல் வருடம் நான் திகதி எழுதவில்லை. அந்தத் துண்டுகள் எந்த மாதத்தின் பசி என்று இப்போது தெரியாது.

இன்று காலை கிடைத்தது ஒரு சைக்கிள் மணியின் மூடி. ஒரு பக்கம் நெளிந்திருக்கிறது, மற்றபடி பளபளப்பு. நகத்தால் தட்டினால் சின்னதாக ஒலிக்கிறது. அம்மாவுக்கு இப்போது 78 வயது, கண் மங்கல், ஆனால் காது கூர்மை. உள்ளே இருந்தே, "அது இரும்புச் சாமான். ரெண்டு இரவு கிடக்கட்டும்" என்றார். கிணற்றுக்கட்டில் வைத்திருக்கிறேன். நாளை மறுநாள் உள்ளே வரும்.