டாக்டர் சீட்டுக்காக நிலத்தை விற்காதீர்கள்

அன்புள்ள அம்மா,

மகள் இரண்டு முறை நீட் எழுதியும் இடம் கிடைக்காத வேதனை உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அவள் படிப்பு வராத பிள்ளை இல்லை, கவலைப்படாதீர்கள். ஆனால் நிலத்தை விற்று வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்க்கச் சொல்லும் பெரியப்பாவின் யோசனை எனக்குச் சம்மதமே இல்லை. "போதும்மா, இனி எழுத மாட்டேன்" என்று அவளே சொல்லிவிட்டாள். மாடித் தொட்டியில் கேழ்வரகு விதைத்து, வாரம் தவறாமல் ஸ்கேல் வைத்து உயரம் அளந்து எழுதுகிறாள் என்று குறையாகச் சொல்கிறீர்கள். எனக்கு அதுதான் கடிதத்திலேயே முக்கியமான செய்தி.

செடியின் உயரம் சின்ன விஷயமில்லை. அந்தக் காலத்துக் கோதுமை நெட்டையாக வளரும். உரம் கூடப் போட்டால் கதிர் கனம் தாங்காமல் சாய்ந்துவிடும். ஜப்பானில் 1935இல் வெளியான நோரின் 10 என்ற குட்டை ரகத்தின் மரபணுக்களை அமெரிக்கப் பயிர் விஞ்ஞானி நார்மன் போர்லாக் மெக்சிகோ கோதுமையில் சேர்த்தார். 1966இல் இந்தியா 18,000 டன் மெக்சிகோ விதை இறக்குமதி செய்தது. இங்கே அந்தக் குட்டைக் கோதுமையைக் கொண்டுவரும் வேலையை முன்னின்று நடத்திய எம்.எஸ். சுவாமிநாதன் கும்பகோணத்து மருத்துவர் வீட்டுப் பிள்ளை. அவரும் டாக்டராவார் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். 1943 வங்கப் பஞ்சம் மனதை மாற்ற, கோவை வேளாண் கல்லூரியில் சேர்ந்தார். பெரியப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

அந்தக் குட்டைத்தனத்தின் காரணம் 1999இல்தான் பிடிபட்டது. ஜிப்ரலின் என்ற ஹார்மோன் செடியை நீளச் செய்யும். வளர்ச்சியைத் தடுக்கும் ஒரு புரதத்தை அகற்றித்தான் அது வேலை செய்கிறது. நோரின் 10இன் குட்டை மரபணு ஒவ்வொன்றிலும் டி.என்.ஏ.வின் ஒரே ஓர் எழுத்து மாறியதால், ஹார்மோன் வந்தாலும் அந்தப் புரதம் அசையாது. ஆனால் இதே மரபணுக்கள், முளையை மூடி மண்ணைத் துளைத்து வரும் உறையையும் குட்டையாக்கிவிடுகின்றன. ஈரம் தேடி ஆழமாக விதைத்தால் முளை மண்ணைத் தாண்டி வராது. தண்டை மட்டும் குட்டையாக்கும் வேறு மரபணுக்களை இப்போது ரகங்களில் சேர்த்துப் பார்க்கிறார்கள். உங்கள் மகளுக்கு இங்கே வேலை காத்திருக்கிறது.

ரகங்களைக் கலந்து புது ரகம் உருவாக்கும் இந்தப் படிப்புக்குப் பயிர் இனப்பெருக்கமும் மரபியலும் என்று பெயர். கோதுமைக் கதிரின் ஒவ்வொரு பூவிலும் மூன்று மகரந்தப் பைகள். பூவின் சொந்த மகரந்தம் சேர்ந்துவிடாமல் இருக்க, அவை வெடிக்கும் முன்பே இடுக்கியால் எடுத்துவிட்டு, கதிருக்கு உறை மாட்டி, ஓரிரு நாள் கழித்து வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தூவ வேண்டும். அப்புறம் தலைமுறை தலைமுறையாக அளந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஒத்துவராது. அவளிடம் அது இருக்கிறது. கோதுமை என்றதும் பஞ்சாப் போக வேண்டுமோ என்று பயப்படாதீர்கள். நீலகிரி வெலிங்டனிலேயே இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் கோதுமை நிலையம் இருக்கிறது. வடக்கே பயிர் இல்லாத கோடையில் இங்கே இன்னொரு தலைமுறை வளர்த்துவிடலாம்.

பி.எஸ்சி. வேளாண்மை நான்கு வருடம். அதோடு நிறுத்தினால் ஆராய்ச்சிக்குள் போக முடியாது. முதுநிலை இரண்டு வருடம், பிறகு பிஎச்.டி. என்று மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். முதுநிலைக்கு அகில இந்திய நுழைவுத் தேர்வில் நல்ல ரேங்க் எடுத்தால் உதவித்தொகை உண்டு.

தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு நீட் வேண்டாம். பிளஸ் டூ மதிப்பெண்தான். விண்ணப்பத்தை அவளே நிரப்பட்டும். விருப்பப் பட்டியலில் பல்கலைக்கழகமே நடத்தும் உறுப்புக் கல்லூரிகளை முதலில் போடுங்கள். இணைப்புத் தனியார் கல்லூரி என்றால் நான்கு வருடக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். அதற்காகவும் நிலத்தில் கை வைக்காதீர்கள்.