கேசட்டில் பிறந்த ‘நெப்ராஸ்கா’: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘நெப்ராஸ்கா’ (1982) வீட்டில் கேசட்டில் பதிவான ஆல்பம் என்கிறார்களே! டேப் ரெக்கார்டரில் பதிந்ததையா கம்பெனி விற்றது?

ப: கேசட்தான். ஆனால் நம் வீட்டில் இருந்த டேப் ரெக்கார்டர் இல்லை. டியாக் நிறுவனம் 1979-ல் கொண்டுவந்த போர்ட்டாஸ்டுடியோ 144. சாதாரண ஸ்டீரியோ கேசட்டில் டேப்பின் அகலத்தை நான்கு டிராக்குகள், அதாவது தனித்தனி ஒலித்தடங்கள், பங்கிட்டுக்கொள்ளும். ‘ஏ’ பக்கத்துக்கு இரண்டு, திருப்பிப் போட்டால் ‘பி’ பக்கத்துக்கு இரண்டு. இந்த மெஷின் நான்கையும் ஒரே திசையில் எடுத்துக்கொள்ளும். டேப் ஓடும் வேகமும் இரட்டிப்பு: விநாடிக்கு சுமார் 4.75 செ.மீ. போக வேண்டியது 9.5 செ.மீ. போகும். வேகம் கூடினால் கீச்சு ஒலிகள் தெளிவாகப் பதியும், டேப் இரைச்சல் குறையும். அதற்குக் கொடுக்கும் விலை, 60 நிமிடக் கேசட்டில் 15 நிமிடம்தான் கிடைக்கும்.

நோக்கம் ஆல்பமே இல்லை. ஸ்டுடியோவில் பாட்டு எழுதிக்கொண்டே நாள்கணக்கில் வாடகை கட்டுவதைக் குறைக்க, பாட்டுகளை முன்கூட்டியே பதிந்து பேண்டுக்குப் போட்டுக் காட்டுவதற்கான ‘டெமோ’. நியூ ஜெர்சியில் கோல்ட்ஸ் நெக் என்ற ஊரில் வாடகை வீடு, அதன் படுக்கையறை. மெஷினைக் கவனித்துக்கொண்டவர் ஸ்பிரிங்ஸ்டீனின் கிட்டார் டெக்னீஷியன் மைக் பேட்லன். பெரும்பாலான பாட்டுகள் 1981 டிசம்பர் நடுவிலிருந்து 1982 ஜனவரி தொடக்கத்துக்குள் பதிவானவை.

கே: இரண்டே மைக், நான்கே டிராக். ஒரு பாட்டை எந்த வரிசையில் பதிந்தார்கள்?

ப: மைக் இரண்டும் ஷூர் எஸ்எம்57. மேடையில் ஸ்நேர் டிரம்முக்கும் கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்கும் வைக்கிற அதே சாதாரண டைனமிக் மைக். போர்ட்டாஸ்டுடியோ 144-ல் ஒரே நேரத்தில் இரண்டு டிராக்தான் பதிய முடியும் என்பதால் வேலை தானாகவே இரண்டு கட்டமாகப் பிரிகிறது. முதலில் ஒரு மைக் வாய்க்கு, ஒரு மைக் அக்கூஸ்டிக் கிட்டாருக்கு; பாட்டும் வாசிப்பும் ஒரே மூச்சில். பிறகு மிச்சமுள்ள இரண்டு டிராக்கில் தேவைக்கேற்ப இரண்டாம் குரல், மாண்டலின், தம்பூரின், கிளாக்கன்ஷ்பீல் என்று ஏதாவது. மூன்றாவது வேலை மிக்ஸிங்: நான்கு டிராக்கையும் எக்கோபிளெக்ஸ் என்ற டேப் எக்கோ கருவி வழியாக அனுப்பி, ஒரு பானாசோனிக் பூம்பாக்ஸில் இரண்டு டிராக்காக இறக்கினார்கள். அந்த பூம்பாக்ஸ் ஒருமுறை ஆற்றுத் தண்ணீரில் விழுந்து, செத்துப் பிழைத்தது!

இங்கே இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். குரல் மைக்கில் கிட்டாரும் கிட்டார் மைக்கில் குரலும் கசிந்திருக்கும். ஆகவே குரலை மட்டும் திருத்திப் பாட வழியில்லை. எக்கோ மிக்ஸிலேயே கலந்துவிட்டதால் அதைப் பிறகு பிரித்தெடுக்கவும் முடியாது. பிடிக்காவிட்டால் முழுப் பாட்டையும் மறுபடி பாட வேண்டியதுதான்.

கே: ஆல்பத்தோடு சேர்ந்து கிட்டார் வாசித்தால் சில பாட்டுகளில் சுருதி சேரவில்லை. என் டியூனர் சரியாகத்தான் இருக்கிறது.

ப: உங்கள் டியூனர் மேல் குற்றமில்லை. பதிந்த மெஷின் ஒன்று, மிக்ஸ் இறங்கிய மெஷின் வேறு, அதை ஓட்டிக் கேட்டது இன்னொன்று. மூன்றும் ஒரே வேகத்தில் ஓடியிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. போதாக்குறைக்கு போர்ட்டாஸ்டுடியோவில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ் உண்டு. அது நடுவில் நிற்காமல் தள்ளி நின்றிருந்தது என்று ஸ்பிரிங்ஸ்டீனின் ஒலிப்பதிவாளர் டோபி ஸ்காட் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

கணக்கு இதுதான்: டேப் வேகம் 6 சதவீதம் மாறினால் சுருதி ஒரு ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் ஒரு கட்டம்) அளவு நகரும். 3 சதவீதம் என்றால் அரை ஃப்ரெட், அதாவது டியூனரில் 50 சென்ட். கிட்டார் கழுத்தில் மாட்டும் கவ்வியான கேப்போ முழு ஃப்ரெட்டாகத்தான் நகர்த்தும், அதைப் போட்டு இதைச் சரிக்கட்ட முடியாது. பாட்டில் கிட்டார் தனியாக ஒலிக்கும் ஓர் இடத்தில் டியூனரை வைத்து எத்தனை சென்ட் விலகல் என்று பாருங்கள். டியூனரின் அடிப்படை ஸ்வரமான ‘ஏ’ 440-ஐ அதற்கேற்ப நகர்த்தி ஆறு கம்பியையும் மறுபடி கூட்டுங்கள். 20 சென்ட் ஏற்றம் என்றால் சுமார் 445. ஒவ்வொரு பாட்டுக்கும் தனியாகப் பார்ப்பது நல்லது.

கே: இதை எல்பி தட்டாக்கப் பெரும்பாடு பட்டார்கள் என்று படித்தேன். என்ன சிக்கல்?

ப: முதல் சிக்கல், தட்டுக்கே மூலமாக, மாஸ்டராக மாறப்போகிற கேசட் என்று தெரியாமலே அதை உறைகூட இல்லாமல் ஜீன்ஸ் பாக்கெட்டில் வாரக்கணக்கில் சுமந்துகொண்டிருந்தார் மனிதர்.

அதைவிடப் பெரியது பௌதிகம். எல்பி வெட்டும் ஊசி, இடது வலது இரண்டிலும் ஒரேமாதிரி வரும் ஒலிக்குப் பக்கவாட்டில் அசையும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மேலும் கீழும் அசையும். டேப்பைத் தொட்டு ஒலியைப் பதியும், எடுக்கும் பாகமான கேசட் ஹெட் இம்மி சாய்ந்திருந்தாலும் ஒரே ஒலி இரண்டு சேனலிலும் சற்று முன்பின்னாக வரும். அதனால் மேல்கீழ் அசைவு கூடி, பள்ளம் சில இடங்களில் மேலோட்டமாகிவிடும். வீட்டில் தட்டை ஓட்டும்போது ஊசி அங்கே துள்ளும். பல இடங்களில் வெட்டிப் பார்த்தும் சரிவரவில்லை. கடைசியில் அட்லாண்டிக் ஸ்டுடியோவில் மாஸ்டரிங் பொறியாளர் டென்னிஸ் கிங் ஒலி அளவைக் குறைத்து வெட்டியபோதுதான் தட்டு நின்றது.

விளைவு, ஆல்பம் சன்னமாக ஒலிக்கும். வால்யூமைக் கூட்டினால் தட்டின் சரசரப்பும் கூடவே வரும். பழைய எல்பி வாங்குகிறவர்கள் மற்றத் தட்டுகளைவிட இதில் கீறல் இருக்கிறதா என்று கூர்ந்து பார்க்க வேண்டும். கீறலை மறைக்கிற அளவுக்குச் சத்தம் இதில் கிடையாது.

கே: பேண்டோடு வாசித்த வடிவத்தை ஏன் ஒதுக்கினார்கள்?

ப: 1982 ஏப்ரலில் நியூயார்க் பவர் ஸ்டேஷன் ஸ்டுடியோவில் ஸ்பிரிங்ஸ்டீனின் வழக்கமான குழுவான இ ஸ்ட்ரீட் பேண்டுடன் இந்தப் பாட்டுகளை முயன்றார்கள். அதே வீட்டு டேப்பில் இருந்த ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ பேண்டில் வெடித்துக் கிளம்பியது. 1984-ல் அடுத்த ஆல்பத்துக்கே தலைப்பானது. மற்றவற்றில் பெரும்பாலானவை அடங்கிப்போயின. ‘ஹைவே பேட்ரோல்மேன்’ போன்ற பாட்டில் குரல் சொல்லுக்குச் சொல் தயங்கி நகர்கிறது, கிட்டார் அந்தத் தயக்கத்தோடு போகிறது. டிரம் வந்து எண்ணிக்கை போட்டால் தயக்கத்துக்கு இடமேது? அந்தப் பேண்ட் பதிவுகளில் சில 2025 அக்டோபரில் விரிவாக்கப்பட்ட பதிப்பில் வெளிவந்தன. ஒப்பிட்டுக் கேளுங்கள். பேண்ட் மோசமில்லை, கேசட்டைத் தேர்ந்தது சரி என்பதே எங்கள் கட்சி.

கே: இது ராக் ஆல்பம்தானா?

ப: ‘ஜானி 99’-ஐயும் எலெக்ட்ரிக் கிட்டாரில் வாசித்த ‘ஓப்பன் ஆல் நைட்’டையும் கேட்டுவிட்டு மறுபடி கேளுங்கள்.

கே: பழைய நான்கு டிராக் கேசட் மெஷின் ஒன்று கிடைத்திருக்கிறது. இதேபோல் பதிய ஆசை. எதில் கவனமாக இருக்க வேண்டும்?

ப: முதலில் ரப்பர் பெல்ட். நாற்பது வயதான பெல்ட் இளகியிருக்கும் அல்லது தாரைப் போல உருகியிருக்கும். மாற்றாமல் ஓட்டினால் ஸ்வரம் ஆடும். ஹெட்டையும் டேப்பை இழுக்கும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலரையும் காது குடையும் பஞ்சுக்குச்சியால் சுத்தம் செய்யுங்கள். ஹெட்டுக்கு 90 சதவீதத்துக்கு மேல் உள்ள ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், ரப்பருக்குச் சோப்பு நீர் போதும். குரோம் வகை, அதாவது டைப் 2, 60 நிமிடக் கேசட் போடுங்கள். 90 நிமிடத்தின் மெல்லிய டேப், ஓட்டி நிறுத்தி ஓட்டுவதில் இழுபடும். வேகக் குமிழை நடுவில் வைத்து, நகராமலிருக்க மேலே ஒரு துண்டு ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள்.

இரண்டாம் பக்கத்தில் பதியாதீர்கள். முதல் பக்கத்து டிராக் அழிந்துபோகும். இரட்டை வேகத்தில் பதிந்ததைச் சாதாரண டெக்கில் போட்டால் பாதி வேகத்தில், ஒரு ஸ்தாயி கீழே பூதம் பேசுவதுபோலக் கேட்கும். மெஷின் கெட்டுவிட்டதென்று பயப்பட வேண்டாம்.

எக்கோவுக்கு 100 முதல் 140 மில்லிசெகண்ட் தாமதம், ஒன்று அல்லது இரண்டு எதிரொலி, குரலின் மூன்றில் ஒரு பங்கு அளவு என்று தொடங்குங்கள். கணினியில் பதிகிறவர்களுக்கும் இதே அளவு பொருந்தும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி. கிட்டார் மைக் ஒலித்துளைக்கு நேராக வேண்டாம், கழுத்து உடலோடு சேரும் இடத்தைப் பார்த்து ஒரு சாண் தூரத்தில். துளைக்கு நேரே வைத்தால் ‘பொம் பொம்’ என்று அடிநாதம் பொங்கி, குரலை விழுங்கிவிடும்.