திருநெல்வேலியில் இருந்த ஐந்து வாரமும் நியூ ஜெர்சியில் போன பில்லும்

கேள்வி (சுருக்கப்பட்டது): நியூ ஜெர்சியில் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சொந்தமாக பிசியோதெரபி கிளினிக் நடத்துகிறேன். கிரீன் கார்டு வைத்திருக்கிறேன். முப்பது நோயாளிகளின் கோப்புகளை முப்பது நாளில் அனுப்பச் சொல்லி, மெடிகேருக்காக (முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு) தணிக்கை செய்யும் நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. சண்டை போட்டு விலகிப்போன உதவித் தெரபிஸ்ட்தான் புகார் கொடுத்திருக்க வேண்டும். என் வீட்டில் சாப்பிட்ட பெண் அவள். பில்லில் சிகிச்சைக்கான குறியீடு போட்டதெல்லாம் பில்லிங் நிறுவனம். பல சிகிச்சைத் திட்டங்களில் டாக்டர்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பவே இல்லை. 2025 பிப்ரவரி, மார்ச்சில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் ஐந்து வாரம் திருநெல்வேலியில் இருந்தேன். அப்போதும் கிளினிக்கை மூடவில்லை. நன்கு பழகிய உதவியாளர்கள் இருவர், நான் வாட்ஸ்அப்பில் சொல்லச் சொல்லப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு நோயாளிகூடக் குறை சொன்னதில்லை. சில குறிப்புகள் அரைகுறையாக இருக்கின்றன. இந்த வாரக் கடைசியில் உட்கார்ந்து அவற்றை முடித்து அனுப்பிவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். கூடாது. ஒரு குறிப்பைக்கூடத் தொடாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் ஆதங்கங்கள் ஒவ்வொன்றுக்கும் ஓரிரு வரி போதும். புகார் கொடுத்தது யார், என்ன மனசாட்சியோடு கொடுத்தார் என்பதெல்லாம் வழக்கில் எடுபடாது. பில்லிங் நிறுவனம் குறியீடு போட்டிருக்கலாம். ஆனால் பில் போனது உங்கள் என்பிஐ எண்ணில் (சிகிச்சை தருபவருக்கான அடையாள எண்), பணம் வந்தது உங்கள் கணக்குக்கு. டாக்டர் கையெழுத்து விஷயம் நீங்கள் பயப்படும் அளவுக்குப் பெரிதில்லை: தாமதமான சான்றளிப்பை (திட்டத்தில் டாக்டர் போடும் ஒப்புதல் கையெழுத்தை), காரணம் சொன்னால், மெடிகேர் ஏற்கிறது. 2025 ஜனவரியிலிருந்து, டாக்டரின் எழுத்துப்பூர்வப் பரிந்துரை கோப்பில் இருந்து, திட்டத்தை நீங்கள் முப்பது நாளுக்குள் அவருக்கு அனுப்பியதற்குச் சான்றும் இருந்தால், முதல் சான்றளிப்புக்குக் கையெழுத்தே தேவையில்லை. நோயாளிகளின் திருப்தியையோ பாராட்டுக் கடிதங்களையோ தணிக்கையாளர் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டார். முழங்கால் வலி குறைந்ததற்காக மெடிகேர் பணம் கொடுப்பதில்லை. உரிமம் பெற்ற ஒருவர் இத்தனை நிமிடம் நேரடியாகச் சிகிச்சை கொடுத்தார் என்பதற்காகக் கொடுக்கிறது.

எனவே உங்கள் கடிதத்தில் சட்டத்துக்குப் பொருள்படுவது, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்தத் திருநெல்வேலி வாக்கியம் ஒன்றுதான். அந்த ஐந்து வாரம் நோயாளியைத் தொட்டது யார் கை?

உரிமம் இல்லாத உதவியாளர் கொடுத்த பயிற்சிக்கு மெடிகேர் ஒரு டாலரும் தராது. எவ்வளவு பழகியவர், நீங்கள் வீடியோவில் எவ்வளவு கவனமாகப் பார்த்தீர்கள் என்பதெல்லாம் இந்த விதியை அசைக்காது. உரிமம் பெற்ற உதவித் தெரபிஸ்ட் செய்திருந்தால், உரிய மாடிஃபையரோடு (பில் குறியீட்டோடு சேர்க்கும் துணைக்குறி) 85 சதவீதம் கிடைத்திருக்கும். தனியார் கிளினிக்குகளில் 2025 ஜனவரியிலிருந்து நீங்கள் அதே கட்டடத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தையும் மெடிகேர் எடுத்துவிட்டது, மாநிலச் சட்டம் வேறு சொன்னால் ஒழிய. விலகிப்போன அந்தப் பெண் அப்போது வேலையில் இருந்திருந்தால் உங்கள் பிரச்சினை பாதியாகியிருக்கும். மாற்றுத் தெரபிஸ்ட் ஒருவரை அமர்த்தி உங்கள் எண்ணிலேயே பில் போடுவதும், மருத்துவப் பணியாளர் பற்றாக்குறை உள்ளதாகவோ மருத்துவ வசதி குறைந்ததாகவோ அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்கும் கிராமப்புறங்களுக்கும் மட்டுமே உள்ள சலுகை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். பத்து சிகிச்சை நாளுக்கு ஒருமுறையாவது முன்னேற்ற அறிக்கை வேண்டும். அதைத் தெரபிஸ்ட்தான் எழுத வேண்டும். வாரம் மூன்று முறை வருகிற நோயாளிக்கு ஐந்து வாரத்தில் பதினைந்து வருகை. அதாவது நீங்கள் நியூ ஜெர்சியில் இல்லாதபோது ஒவ்வொருவருக்கும் குறைந்தது ஓர் அறிக்கையாவது விழுந்திருக்கிறது. அதை எழுதியது யார்? உங்கள் மின்னணுக் கையெழுத்து அதில் இருக்கிறதா? நீங்கள் அமெரிக்காவை விட்டுப் புறப்பட்ட தேதியும் திரும்பிய தேதியும் அரசாங்கத்தின் பதிவிலேயே இருக்கின்றன. இதைக் கண்டுபிடிக்க அவர்களுக்குப் புகார்தாரர்கூடத் தேவையில்லை.

நீங்கள் நியூ ஜெர்சியில் இருந்த நாட்களையும் நேர்மையாகக் கணக்குப் பாருங்கள். நிமிடக் கணக்குள்ள குறியீடுகளில் நான்கு யூனிட் (ஒரு யூனிட் என்பது ஏறத்தாழ 15 நிமிடச் சிகிச்சை) போட வேண்டுமானால் குறைந்தது 53 நிமிடம் ஒருவருக்கு ஒருவராகக் கொடுத்திருக்க வேண்டும். 38 முதல் 52 நிமிடம் வரை மூன்று யூனிட்தான். காலை ஒன்பது மணிக்கு மூன்று பேருக்கு அப்பாயின்ட்மென்ட், மூவருக்கும் 97110 (உடற்பயிற்சி) இரண்டு யூனிட், 97140 (கைச் சிகிச்சை) ஒன்று, 97530 (செயல்பாட்டுப் பயிற்சி) ஒன்று, தெரபிஸ்ட் நீங்கள் ஒருவர்தான் என்றால், ஒரு மணி நேரத்துக்குள் இரண்டரை மணி நேரத்துக்கும் மேலான சிகிச்சையை விற்றிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஒரே நேரத்தில் பலரைப் பார்த்தால் அது 97150, குழுச் சிகிச்சை. தணிக்கையாளர் அப்பாயின்ட்மென்ட் பட்டியலையும் கேட்கலாம்.

இவ்வளவும் பணப் பிரச்சினை, பணத்தால் தீர்க்கக்கூடியது. அதைச் சிறைப் பிரச்சினையாக மாற்றும் வேலையைத்தான் நீங்கள் இந்த வாரக் கடைசிக்கு வைத்திருக்கிறீர்கள்.

என்னிடம் வருகிறவர்களில் மீளவே முடியாமல் போனவர்களைப் பார்த்தால், அவர்களை மூழ்கடித்தது பெரும்பாலும் தவறான பில் இல்லை. கடிதம் வந்த பிறகு 'முடித்துவைத்த' குறிப்புகள். உங்கள் கிளினிக் மென்பொருள் ஒவ்வொரு குறிப்பையும் எப்போது, எந்தக் கணக்கிலிருந்து உள்ளிட்டீர்கள் என்று தனியாகப் பதிந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பதிவை உங்களால் அழிக்க முடியாது, அவர்களால் கேட்டு வாங்க முடியும். அதில் என்ன தெரியும் என்று சொல்கிறேன். சிகிச்சை நாள் 2025 மார்ச் 10. உள்ளிட்ட நேரம், கடிதம் வந்த அடுத்த சனிக்கிழமை இரவு 11.40. ஒன்பது நிமிடத்தில் ஆறு நோயாளிகள். ஆறிலும் 'நோயாளி சிகிச்சையை நன்கு ஏற்றுக்கொண்டார்' என்ற அதே வாக்கியம். ஆறில் ஒருவர் இடுப்பு அறுவைச் சிகிச்சை முடித்தவர், அவர் குறிப்பிலும் தோள்பட்டைப் பயிற்சி. இதை ஜூரியின் முன் திரையில் போட்டால் அரசு வழக்கறிஞர் வாயே திறக்க வேண்டாம்.

கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பின் 18ஆம் தலைப்பு, 1519ஆம் பிரிவு: கூட்டாட்சி விசாரணையைத் தடுக்கும் நோக்கோடு ஆவணத்தை மாற்றினாலோ பொய்யாக எழுதினாலோ 20 ஆண்டுவரை சிறை. விசாரணை முறையாகத் தொடங்கியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. வரப்போகிறது என்று எண்ணி மாற்றினாலே போதும். மருத்துவக் காப்பீட்டு மோசடிக்கான 1347ஆம் பிரிவில் வழக்கமான உச்சத் தண்டனையே 10 ஆண்டுதான். குறிப்பைத் திருத்துவது மூலக் குற்றத்தைவிடப் பெரிய குற்றம் என்பதை என் கட்சிக்காரர்கள் யாரும் முதலில் நம்புவதில்லை.

பிற்சேர்க்கை எழுத வழியே இல்லையா என்றால், இருக்கிறது: பழைய குறிப்பை அப்படியே விட்டுவிட்டு, தாமதப் பதிவு என்று வெளிப்படையாகத் தலைப்பிட்டு, இன்றைய தேதியும் கையெழுத்தும் போட்டு, உங்களுக்கு உண்மையிலேயே நினைவில் உள்ளதை மட்டும் எழுதலாம். ஆனால் ஓராண்டுக்கு முன் ஒரு திங்கட்கிழமை எத்தனை நிமிடம் பயிற்சி கொடுத்தீர்கள் என்பது உங்களுக்கு எப்படி நினைவிருக்கும்? அதுவும் நீங்கள் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்த நாளில்? அந்த ஐந்து வாரக் கோப்புகளில் பிற்சேர்க்கை என்ற பேச்சே வேண்டாம்.

வாட்ஸ்அப் செய்திகளில் கை வைக்காதீர்கள். 'மறையும் செய்தி' வசதி போட்டிருந்தால் இப்போதே நிறுத்துங்கள், உதவியாளர்களையும் நிறுத்தச் சொல்லுங்கள். அவர்களிடம் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச வேண்டாம். 'கேட்டால் நான் இருந்தேன் என்று சொல்லுங்கள்' என்று ஒரு செய்தி போனால், அது சாட்சியைக் கலைத்த குற்றம். விலகிப்போன பெண்ணுக்குப் போன் செய்து நியாயம் கேட்கவும் வேண்டாம். அவர் பொய்க் கோரிக்கைச் சட்டத்தின் (அரசிடம் பொய்யாகப் பணம் கோருவோர் மீதான சட்டம்) கீழ் அரசின் சார்பில் இரகசியமாக வழக்கே போட்டிருக்கலாம். வசூலாவதில் 15 முதல் 30 சதவீதம் அவருக்குப் போகும். பழிவாங்கலுக்கு எதிராகத் தனிப் பாதுகாப்பும் அவருக்கு உண்டு.

இனி பணம். அந்த ஐந்து வாரத்தில் வாரம் அறுபது வருகை, வருகைக்கு நூறு டாலர் என்று வைத்துக்கொள்வோம். முன்னூறு பில், முப்பதாயிரம் டாலர். பொய்க் கோரிக்கைச் சட்டத்தில் வழக்காடித் தோற்றால் மும்மடங்கு, அதாவது தொண்ணூறாயிரம். அதற்கு மேல் ஒவ்வொரு பில்லுக்கும் 14,000 டாலருக்கு மேல் தொடங்கி 28,000ஐத் தாண்டும் அபராதம். முன்னூறை 14,000ஆல் பெருக்குங்கள்: 42 லட்சம் டாலர். அவ்வளவையும் உங்களிடம் வசூலித்துவிடுவார்கள் என்று சொல்லவில்லை. பேரம் அந்த எண்ணிலிருந்து தொடங்கும். தெரியாமல் நடந்தது என்ற வாதமும் நிற்காது. பொறுப்பற்ற அலட்சியமும் அந்தச் சட்டத்தில் 'தெரிந்தே' என்பதில் அடங்கும். முப்பது கோப்பில் பிழை விகிதம் அதிகமாக வந்தால், அதைப் புள்ளியியல் முறையில் பல ஆண்டு பில்களுக்கும் விரிக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

இதே தவறை நீங்களே முன்வந்து, சுகாதாரத் துறைத் தலைமை ஆய்வாளர் அலுவலகத்தின் சுய அறிவிப்பு முறையில் சொன்னால், பொதுவாக ஒன்றரை மடங்கில் முடிக்கிறார்கள்: மேற்சொன்ன கணக்கில் 45,000 டாலர். விசாரணை தொடங்கிவிட்டது என்பதாலேயே அந்த வாசல் அடைபடுவதில்லை, நல்லெண்ணத்தோடு வந்தால். ஆனால் நேரம் ஓடுகிறது. அதிகப்படியாகப் பெற்ற பணம் என்று தெரிந்த பிறகு 60 நாளில் திருப்ப வேண்டும்; உடனே நேர்மையாக உள்விசாரணை தொடங்கினால் 180 நாள்வரை அவகாசம் நிற்கும். சும்மா இருந்தால், கையில் வைத்திருக்கும் அந்தப் பணமே புதிய பொய்க் கோரிக்கையாகிவிடும்.

ஆகவே பட்டவர்த்தனமாகச் சொல்கிறேன்: சமரசம் செய்துகொள்ளுங்கள். அந்த ஐந்து வாரத்துக்கு வாதாட எதுவும் இல்லை. மற்ற நாட்களின் கோப்புகளில் வாதாட இடம் இருந்தால், அதை மேல்முறையீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

கிரீன் கார்டுக்காரர் என்பதால் உங்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். பாதிக்கப்பட்டவருக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் நட்டம் ஏற்படுத்திய மோசடிக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டால், குடியேற்றச் சட்டத்தில் அது நாடு கடத்தலுக்குரிய கொடுங்குற்றம். நட்டம் எவ்வளவு என்பதைத் தீர்ப்புக்கு வெளியே உள்ள சூழ்நிலையிலிருந்தும் கணக்கிடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2009இல் சொல்லிவிட்டது. உங்கள் முப்பதாயிரம் அந்தக் கோட்டை எப்போதோ தாண்டிவிட்டது. சிவில் சமரசம் குற்றத் தீர்ப்பு ஆகாது. அதில் கட்டும் கூடுதல் பணத்தின் விலைமதிப்பு அங்கேதான் இருக்கிறது.

திங்கட்கிழமை காலை செய்ய வேண்டியது: மருத்துவப் பில் மோசடி வழக்குகளையே நடத்தும் வழக்கறிஞரைப் பிடியுங்கள்; உங்கள் வீடு வாங்கப் பத்திரம் பார்த்தவர் வேண்டாம். பில்களைச் சரிபார்க்கும் நிபுணரை அவரே அமர்த்தட்டும். நீங்கள் அமர்த்தினால் அந்த நிபுணரின் அறிக்கைக்கு இரகசியப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம். கோப்புகளை அனுப்ப அவகாச நீட்டிப்பு கேட்பதும் அவர் வேலை, அது பெரும்பாலும் கிடைக்கும். சமரச வரைவு வந்ததும் கையெழுத்திடும் முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவர் வரி வரியாகப் படிக்க வேண்டும். மோசடியை ஒப்புக்கொள்ளும் ஒரு வாக்கியம்கூட அதில் இருக்கக் கூடாது.